பாண் ஆட்டோவில் ஒலித்த எழவுத் தப்பு

போன வருஷம் கார்த்திகை மாசம், டயகமவுக்குப் போகிற வழியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். அங்கே இருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கே புரியும். அதில் ஒன்றிரண்டு பேருக்கு என்மேல் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை என்பதும் ஒரு காரணம்.

நான் ஆட்டோவில் பாண், அதாவது ரொட்டி, விற்கிறவன். விடிந்ததும் டவுன் பேக்கரியில் பாண், பணிஸ், கேக் எல்லாம் ஏற்றிக்கொண்டு, கூரையில் கட்டிய ஸ்பீக்கரில் பாண் ஆட்டோவுக்கென்றே உள்ள அந்த ஒரே மெட்டை அலறவிட்டபடி, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போவேன். நாள் முழுக்க அந்த மெட்டு காதில் ஓடுவதால், வீட்டில் மனைவி கூப்பிட்டால்கூட சில நேரம் எனக்குக் கேட்பதில்லை. அவள் இதை நம்புவதும் இல்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் அண்ணன். இளவட்டமாக இருந்தபோது அவர் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு இசைத்தட்டு போட்டார். மாமாவுக்குக் குரல் இருந்தது. ஒரு கூட்டாளியிடம் சர்ச்சில் வாசிக்கிற கித்தார் இருந்தது. கொழும்பில் ஒரு சின்ன ஸ்டூடியோக்காரர் என்ன நினைத்தாரோ, சரி என்று பதிவு செய்து கொடுத்துவிட்டார். ‘எட்டாம் நம்பர் மலை’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கொழுந்து பறித்த மலையின் நம்பர் அது.

அந்த மாதிரிப் பாட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மெட்டு எல்லாம் நம்ம மலையில் பாடுகிறதுதான். ஆனால் கித்தார் எங்கேயோ ஆழத்திலிருந்து வரும். ஒரே குரல் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு போகும். நடுவில் தேயிலை ஸ்டோருச் சங்கு ஊதும், தகரத்தில் மழை கொட்டும், மறுபடி குரல் வரும். காய்ச்சலில் படுத்திருக்கும்போது பக்கத்துக் காம்பிராவில், அடுத்த வீட்டு அறையில், யாரோ பாடுவது கேட்குமே, அது மாதிரி இருக்கும். சில பாட்டு எப்போது முடிந்தது என்றே தெரியாது.

வம்பு வந்தது தட்டின் இரண்டாம் பக்கத்தால். அந்தப் பக்கம் எழவுத் தப்போடு, சாவுக்கு அடிக்கிற பறையோடு, ஆரம்பிக்கும். தோட்டத்தில் தப்பு அடித்தால் எதற்கு அடிக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திருவிழாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. சாவு அடி கேட்டால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். யாரு என்று கேட்பது அதற்குப் பிறகுதான். மாமா அசல் தப்புக்காரர்களையே ரயிலில் கொழும்புக்குக் கூட்டிப்போய், அந்த அடியை நீளமாக, கித்தார் இல்லாமல், அப்படியே பதிவு செய்திருந்தார்.

தட்டு வந்த வருஷத் திருவிழாவில், கோயில் ஒலிபெருக்கியில் மாமா பெருமையாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். முதல் பக்கம் ஓடியபோது ஆளுக்கு ஆள் சிரித்திருக்கிறார்கள். இரண்டாம் பக்கம் திரும்பியதும் மலையில் இருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுக் கதறிக்கொண்டு ஓடி வந்தார்களாம். மாமாவின் உயிர்க் கூட்டாளி ஒருவர்தான் பாய்ந்து வந்து ஊசியைப் பிடுங்கினார். போதாக்குறைக்கு அடுத்த வாரமே பணிய லயத்தில், அதாவது கீழே இருக்கிற லயத்தில், ஒரு இளம் பெண் இறந்துபோனாள். சாவைக் கூப்பிட்ட பாட்டு என்று பேராகிவிட்டது. அந்தத் தட்டை யாரும் வீட்டுக்குள் எடுக்கவில்லை. மாமாவும் லயத்தை விட்டு, மேலே ரோட்டு வளைவில் பாறையை ஒட்டிய வீட்டுக்குக் குடி போய், ரேடியோ திருத்திப் பிழைத்தார். கீழே கல்யாணம் என்றாலும் போகமாட்டார், கேதம் என்றாலும் போகமாட்டார். அத்தை மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார இளைஞனும் கொழும்பிலிருந்து தங்கச்சி வயசுப் பெண் ஒருத்தியும் அவரைத் தேடிக்கொண்டு வந்து நின்றார்கள். அவன் கையில் அந்தத் தட்டு. எங்கேயோ பழைய சாமான் கடையில் கிடைத்ததாம். அவன் ஊரில் இதைத் தேடிக் கேட்கிற கூட்டமே இருக்கிறதாம், மறுபடி புதிதாக அச்சடித்திருக்கிறார்களாம். அதிலும் அந்த இரண்டாம் பக்கம்தான் அவர்களுக்கு உயிராம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்களாம்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தையைப் பார்த்து, “இவங்களுக்குத் தேத்தண்ணி குடு” என்றார். அவ்வளவுதான்.

அந்தத் தங்கச்சி பாட்டையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். அத்தை அதை வீட்டில் வைக்க விடவில்லை. அப்படித்தான் அது என் ஆட்டோவுக்கு வந்தது. ஆளில்லாத ரோட்டில் போகும்போது முதல் பக்கத்தைப் போட்டுக் கேட்பேன். இரண்டாம் பக்கத்தைத் தொடமாட்டேன். பாண் விற்கிறவன் எழவுத் தப்பு போட்டுக்கொண்டு போனால் யார் பாண் வாங்குவார்கள்? இது விளையாட்டுக்குச் சொல்கிறது. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்தது. விடாமல் அடித்தது. முதல் நாள் பாண் விற்க வந்த என்னால் திரும்ப முடியவில்லை, முன்னாலும் பின்னாலும் ரோட்டில் மண் விழுந்துவிட்டது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மாமா வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் வெளுத்ததும் மீந்த பாணையாவது கொடுப்போமே என்று ஆட்டோவை உருட்டிக்கொண்டு பணிய லயத்துக்கு இறங்கினேன்.

லயத்துக்குச் சற்று மேலே ரோட்டோரத்தில் நிறுத்தி மெட்டைப் போட்டேன். நாலு பிள்ளைகள் வந்தார்கள். கடைசிக் காம்பிராவில் ஒரு அக்கா இருந்தார். அவர் மகளுக்குப் பிள்ளை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மருமகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். பிள்ளை பெற்றவளுக்கு என்று தினமும் நான்தான் பாணைக் கதவடியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைக்கும் கொடுத்தேன்.

அக்கா வாளியைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டார். “பாருங்க தம்பி, வானமே ஒழுகுது, பீலியில மட்டும் தண்ணி நின்னுருச்சு. பச்சப்புள்ள துணிய எதுலங்க அலசுறது?”

நான் சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தேன். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அது உறைத்தது. பீலி என்றால் மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற இடம். வெயில் காலத்திலும் வற்றாத பீலி அது. இந்த மழையில் எப்படி நிற்கும்? அந்தத் தண்ணீர் எங்கே போனது?

லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பீலி சொட்டுப் போடாமல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், என்றைக்கும் தண்ணீர் வராத இடத்தில், மண்ணுக்குள்ளிருந்து தேத்தண்ணி நிறத்தில் கொப்பளித்துக்கொண்டு வந்தது. மேலே தேயிலைச் செடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதற்கு முந்தின வருஷம் ஸ்கூலில் கூட்டம் போட்டு அதிகாரிகள் படம் காட்டிச் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஊற்று திடீரென்று நின்றாலோ கலங்கல் தண்ணீர் புது இடத்தில் வந்தாலோ ஒரு நிமிஷம்கூட நிற்காதீர்கள் என்று சொன்னார்கள்.

கதவு கதவாகத் தட்டினேன். “மலை வரப்போகுது, வெளிய வாங்க” என்று கத்தினேன். வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

“போன தடவையும் இப்புடித்தான் சொல்லி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க” என்றார் ஒருவர். “திரும்பி வந்து பாத்தா கோழியக் காணோம், கேஸ் சிலிண்டரக் காணோம். மலை மட்டும் அப்புடியே இருந்துச்சு.”

நடுக் காம்பிராவில் ஒரு பெரியவர். மாமாவின் அதே கூட்டாளி, அன்றைக்கு ஊசியைப் பிடுங்கியவர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பண்டை உட்கார்ந்திருந்தார். “ஏன்ப்பா, நீ பாண் விக்க வந்தியா, எங்கள வெரட்ட வந்தியா? நான் பொறந்ததுலருந்து இந்த மலை இங்கதான் நிக்குது. நான் எங்கயும் வரல.”

“தாத்தா, பீலி நின்னுருச்சு...”

“மழ விட்டா வரும். நீ போய் யாவாரத்தப் பாரு.”

பாணை எல்லாம் சும்மா தருகிறேன், மேலே வாங்க என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். பாண்காரனுக்குப் பைத்தியம் என்று ஒரு பொம்பளை சிரித்தார். தோட்டத்துச் சங்கத் தலைவர் ஊரில் இல்லை. தொரை பங்களாவுக்குப் போகிற பாலம் ஆற்றோடு போய்விட்டது. அந்தப் பக்கம்தான் தப்புக்காரர்களின் லயமும். தப்பு என்று நினைத்தவுடனே பென் டிரைவில் இருந்த இரண்டாம் பக்கம் ஞாபகம் வந்தது.

அந்த நினைப்பை உடனே தள்ளிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனுஷன் செய்கிற வேலையா அது? யாருமே சாகாமல் எழவுத் தப்பு அடிக்கிறதா? ஆனால் பின்னால் மலையில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கிளை முறிகிற சத்தம் இல்லை, நிலத்துக்குள்ளே வேர் அறுகிற சத்தம். ஆட்டோவுக்கு ஓடினேன். செருகுகிற அவசரத்தில் பென் டிரைவ் இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டாம் பக்கத்தைத் தேடிப் போட்டுவிட்டு, சத்தத்தை முழுசாகத் திருப்பினேன்.

எழவுத் தப்பு மழைக்குள் இறங்கியது. பாண் விற்கிற அந்தத் தகர ஸ்பீக்கரில் அது எப்படி அவ்வளவு கனமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கதவுகள் திறந்தன. யாரும் கத்தவில்லை, தப்பு அடிக்கிற ஆள் எங்கே என்றுகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள், பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். கோழியையும் சிலிண்டரையும் பற்றிப் பேசியவர் கதவைப் பூட்டக்கூட இல்லை. பெரியவர் கம்பளியோடு, செருப்பில்லாமல், எல்லாருக்கும் முன்னால் படியேறி வந்தார்.

“யாருப்பா?” என்றார். அவர் முகத்தில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “யாரு போயிட்டாங்க?”

அதை நான் யோசித்து வைக்கவில்லை. ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். கீழே உள்ள யார் பெயரைச் சொன்னாலும் எல்லாரும் திரும்பி லயத்துக்குள் ஓடுவார்கள். மேலே, பாறைப் பக்கத்தில், பயமில்லாத இடத்தில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது.

“மாமா” என்றேன். “காலையிலதான். நெஞ்சுவலி.”

சொன்னவுடன் எனக்கே அழுகை வந்துவிட்டது. நடிப்பு இல்லை. உயிரோடு இருக்கிற மனுஷனை, எனக்குக் காலையில் தேத்தண்ணி ஊற்றித் தந்த மனுஷனை, இந்த வாயால் கொன்றுவிட்டேன். என் அழுகையைப் பார்த்தபிறகு யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏற ஆரம்பித்தார்கள். பெரியவர் அவர்களையும் முந்திக்கொண்டு ஏறினார்.

நான் கீழேயே நின்று ஒவ்வொருவராக ஏற்றிவிட்டேன். கடைசியாக வந்த பெண்ணிடம், “எல்லாரும் வந்துட்டாங்களாக்கா?” என்று கேட்டேன்.

“வந்தாச்சு” என்றார் அவர், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “புள்ள பெத்த வீட்டத் தவிர. அவங்க எப்புடி வருவாங்க?”

பிள்ளை பெற்றவள் எழவு வீட்டுக்கு வரமாட்டாள். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் எழவுத் தப்பு கேட்டால் கதவைச் சாத்தி, தாழ் போட்டு, இண்டு இடுக்கில் துணியைச் சொருகிவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததா? என் மகன் பிறந்தபோது நானே சொருகியிருக்கிறேன். எல்லாரையும் வெளியே கொண்டுவர நான் போட்ட அந்தத் தப்பே அவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. பீலியில் தண்ணீர் நின்றதை எனக்குச் சொன்னதே அந்த அக்காதான்!

ஓடினேன். படியில் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது, அது பிறகுதான் தெரிந்தது. லயத்தின் வாசல் எல்லாம் பே என்று திறந்து கிடந்தது. கடைசிக் கதவு மட்டும் இறுகச் சாத்தியிருந்தது. கதவுக்கடியில் ஒரு சேலைத் துண்டு.

“அக்கா, கதவத் தொறங்க!”

“தம்பி, ஒங்களுக்கு அறிவிருக்கா?” உள்ளேயிருந்து அக்கா சீறினார். “எழவச் சொல்லிட்டு அதே காலோட இங்க வந்து நிக்கிறீங்க! பச்சப்புள்ள இருக்குங்க. போயிருங்க.”

“மலை வருதுக்கா!”

“காலையிலருந்து அதத்தான் சொல்றீங்க. நாங்க வரமாட்டோம்.”

லயத்துக்குப் பின்னால் கல் உருண்டு சுவரில் மோதியது. பச்சை மண் வாசம் மூக்கில் ஏறியது. மேலே ஆட்டோவில் தப்பு முடிந்து கித்தார் ஆரம்பித்திருந்தது. மாமாவின் இளவட்டக் குரல் அவசரமே இல்லாமல் எட்டாம் நம்பர் மலையைப் பற்றிப் பாடியது. அந்தக் கதவில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். வேறு எந்தப் பொய்யும் அந்தக் கதவைத் திறக்காது என்று தெரிந்துபோனது.

“அக்கா, யாருமே சாகல” என்றேன். “அது ரெக்காட்டு. மாமாவோட பழைய ரெக்காட்டு. நான்தான் போட்டேன். நீங்க எல்லாம் வெளிய வரணும்னு பொய் சொன்னேன். மாமா உசுரோடதான் இருக்காரு. எழவே இல்லக்கா, தீட்டே இல்ல.”

பிறகு மகளின் குரல், மெல்லிசாக, கதவுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

“சத்தியமா சாகலயாண்ணே?”

“என் புள்ள மேல சத்தியம்.”

தாழ் விலகியது. திறந்தது மகள்தான், அக்கா இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தையை என் கையில் வைத்தாள். பாணை மூடி வைக்கிற பொலித்தீன் என் இடுப்பில் இருந்தது, அதைக் குழந்தை மேல் போர்த்தினேன். அக்கா துணி மூட்டையை எடுக்கத் திரும்பினார். மகள் கையைப் பிடித்து இழுத்து, “வாம்மா, துணிய விடு” என்றாள். அவளுக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியவில்லை.

ஏறினோம். குழந்தை கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மகளால் நடக்க முடியவில்லை. அக்கா பின்னாலிருந்து தள்ளத் தள்ள, கையை ஊன்றிப் படியில் தவழ்ந்து வந்தாள். ஆட்டோவைத் தாண்டினோம். அதில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த எனக்குக் கையில்லை.

குறுக்குப் பாதையில் பாதி தூரம் ஏறியிருப்போம். மேலேயிருந்து கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது! எழவு வீட்டில் மாமா உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள். என்னை உதைக்க வருகிறார்கள். முன்னால் வந்த இளவட்டங்கள் என்னைக் கண்டதும் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வீட்டுக்குப் போக, பிள்ளைகளோடு பெண்கள்.

“எறங்காதீங்க!” என்று கத்தினேன். “அங்கேயே நில்லுங்க!”

அவர்கள் நின்றது என் பேச்சுக்கு இல்லை. என் கையில் பச்சைக்குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் நின்றார்கள். “அடப்பாவி, பச்சப்புள்ளயப் போயி மழையில...” என்று ஒருவன் ஆரம்பித்தான். அவன் முடிக்கவில்லை.

சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் காலுக்குத்தான் தெரிந்தது, காதுக்கு இல்லை. திரும்பிப் பார்த்தபோது தேயிலைச் செடிகள் வரிசை குலையாமல் நின்றபடியே நடந்து வந்தன. பிறகு எல்லாம் ஒன்றாகக் கலந்தது. லயத்தின் கூரை ஒரு தரம் எழும்பித் தெரிந்தது, அதற்குப் பிறகு தெரியவில்லை. அதுவரைக்கும் மழைக்குள் மெலிசாகக் கேட்டுக்கொண்டிருந்த மாமாவின் பாட்டு ஒரு வார்த்தையின் நடுவில் நின்றது. ஆட்டோவும் அதோடு போனது.

குழந்தைதான் முதலில் அழுதது. அதன் சத்தம் கேட்டதும் அந்தத் தாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை உதைக்க வந்த பையன் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான்.

அந்த மழையில் வேறு தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் போய்விட்டன. அதை நினைக்கும்போது இதைச் சொல்லவே வாய் கூசுகிறது. எங்கள் பணிய லயத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மாமா வீட்டில் நடந்ததை அத்தை பிறகு சொன்னார். மாமா பேட்டரி ரேடியோவில் மழைச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தாராம். தூரத்தில் எழவுத் தப்பு. காதைத் தீட்டிக் கேட்டவர், “இது நம்ம தட்டுடி” என்றாராம். மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அத்தை பயந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒப்பாரி நெருங்கி வந்தது. ஒப்பாரியில் மாமாவின் பெயர். மாமா எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். மழைக்குள் லயம் மொத்தமும் அழுதுகொண்டு ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். முதலில் வந்த பெரியவர், வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க அப்படியே குந்தி, “நீ சாகலயாடா?” என்று கேட்டுக் கேட்டு அழுதாராம். மற்றவர்கள் கோபமாகத் திரும்பிப் போனபோதும் அவர் போகவில்லை. இருவரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா என்னைத் திட்டவே இல்லை. ஸ்கூலில் எல்லாரும் தங்கியிருந்த நாட்களில் தினமும் அங்கே இறங்கி வந்துவிடுவார். கொழும்புத் தங்கச்சி விஷயம் கேள்விப்பட்டுப் போன் பண்ணி, அந்த ரெக்காட் செய்த காரியத்தை வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுத வேண்டும் என்றாள். மாமா சம்மதிக்கவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

“வெளிநாட்டுல எத்தன பேரு கேக்குறாங்கன்னு அந்தப் புள்ள சொல்லுது. இருக்கட்டும். என் எழவுக்கு யாரும் வரமாட்டாங்கன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டு இருந்தேன். செருப்புக்கூடப் போடாம வந்தானுங்கடா.”

அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது வேறொருவரின் ஆட்டோவில் பாண் விற்கிறேன். தன் உயிருக்காக வீட்டை விட்டு இறங்காத அதே ஆட்கள், இன்னொருவரின் சாவு என்றதும் கதவைக்கூடப் பூட்டாமல் ஓடி வந்தார்களே என்று நினைக்கும்போது என் சனத்தின் மேல் ஒரே சமயத்தில் கோபமும் பெருமையும் வருகிறது. அந்தப் பச்சைக்குழந்தை இப்போது என் குரல் கேட்டால் பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கிறது. ஊர் என்னைப் புத்திசாலி என்கிறது. எனக்குத் தெரியும், அன்றைக்கு எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நின்ற நேரத்தில் கீழே ஒரு கதவு சாத்தியிருந்தது. அதிலிருந்து, எங்கே யார் “எல்லாரும் வந்தாச்சு” என்று சொன்னாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. வர முடியாதவர்கள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தை விட்டு என் கால் நகர்வதில்லை.